வராத கடனை வசூலிக்க வழக்கறிஞரைத் தேடுவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் ஒரு நூல் மொத்த வியாபாரக் கடையில் பல ஆண்டுகளாகக் கணக்கு பார்த்து வருகிறேன். வராத பாக்கிகளுக்காக வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடக்கும் வேலை என்னுடையது என்பதால், கைமாற்றுக் கொடுத்தவர்களும் சரக்குக் கொடுத்தவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரியாகத்தான் இருக்கும். அவற்றுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன். இவை தமிழ்நாட்டில் தனிநபர்களும் சிறு வியாபாரிகளும் கொடுத்த பணத்தைப் பற்றியவை. வங்கிகளுக்குத் தனிச் சட்டமும் தனித் தீர்ப்பாயமும் இருப்பதால் அவற்றை இங்கே சேர்க்கவில்லை. உங்கள் காகிதங்களை நேரில் பார்த்த வழக்கறிஞர் வேறு விதமாகச் சொன்னால், அவர் சொல்வதையே கேளுங்கள்.

வழக்கறிஞரிடம் எப்போது போக வேண்டும்?

பெரும்பாலோர் போகும் நேரத்தைவிட ஓராண்டாவது முன்னதாகப் போக வேண்டும். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி பணம் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டுகள்தான் அவகாசம். கேட்கும்போது கொடுப்பதாக எழுதிய புரோநோட்டுக்கு அந்த மூன்று ஆண்டுகள் நீங்கள் பணத்தைக் கேட்ட நாளிலிருந்து அல்ல, நோட்டில் எழுதிய தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். 2023 ஜூன் 10 என்று தேதியிட்ட நோட்டுக்கு 2026 ஜூன் 10க்குள் வழக்கு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். நோட்டீஸ் அனுப்பியதால் அந்தத் தேதி ஒரு நாள்கூடத் தள்ளிப் போகாது.

தள்ளிப் போடும் வழிகள் இரண்டு உண்டு. மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் கடன் வாங்கியவர் பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் கிடைக்கும். அசலிலோ வட்டியிலோ ஒரு பகுதியைக் கட்டினாலும் கிடைக்கும். ஆனால் அப்படிக் கட்டியது அவர் கைப்பட எழுதியதாகவோ அவர் கையெழுத்திட்டதாகவோ இருக்க வேண்டும். நம் ஊரில் நோட்டின் பின்பக்கம் ‘வரவு’ எழுதி வாங்குவது இதற்காகத்தான்.

எங்கள் கடையில் 2,40,000 ரூபாய் நோட்டு ஒன்று இப்படித்தான் போனது. வாங்கியவர் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வந்து ஐயாயிரம் கொடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவார். ஒவ்வொரு தொகையையும் நான் எங்கள் பேரேட்டில் தேதியோடு எழுதி வைத்தேன். நோட்டின் பின்பக்கம் வெறுமையாகவே இருந்தது. மூன்று ஆண்டுகள் கடந்தபின் வழக்கறிஞர் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘வரவு எங்கே?’ என்று மட்டும் கேட்டார். எங்கள் கையெழுத்தில் எங்கள் புத்தகத்தில் இருந்த வரவு எங்களைக் காப்பாற்றவில்லை.

எப்படிப்பட்ட வழக்கறிஞரைத் தேட வேண்டும்? எங்கே தேடுவது?

இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளின்படி வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்கக் கூடாது. எனவே ‘கடன் வசூலில் முதலிடம்’ என்று பலகை வைத்திருப்பவரை முதலில் சந்தேகப்படுங்கள். தேட வேண்டிய இடங்கள் வேறு. உங்கள் வியாபாரிகள் சங்கத்தில், கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வழக்குப் போட்டுப் பணத்தைக் கையில் வாங்கியவர் யார் என்று கேளுங்கள். ‘ஜெயித்தவர் யார்’ என்று கேட்டால் வரும் பெயர் வேறாக இருக்கும். உங்கள் ஆடிட்டரையும் கேட்கலாம்.

எந்த நீதிமன்றத்தில் வழக்கு நடக்கப் போகிறதோ, அங்கே தினமும் போய் வருபவராக இருப்பது பெரிய பெயரைவிட முக்கியம். சிவில் வழக்கைப் பொதுவாகக் கடன் வாங்கியவர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலோ கொடுக்கல் வாங்கல் நடந்த இடத்திலோதான் போட முடியும். பணத்தை ஈரோட்டில் கொடுத்து, நோட்டும் ஈரோட்டிலேயே எழுதப்பட்டிருந்தால், ஆள் மதுரைக்குக் குடிபோயிருந்தாலும் ஈரோட்டில் வழக்குப் போட வழி உண்டு. இதை வழக்கறிஞரிடம் முதல் நாளே கேட்டுத் தெளிவு செய்துகொண்டால் பேருந்துச் செலவு மிச்சமாகும்.

அவர் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு செய்தவரா என்பதைப் பதிவு எண்ணைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம். இதைக் கேட்டால் நல்ல வழக்கறிஞர் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

என் அளவுகோல் ஒன்றுதான். நீங்கள் கதையைச் சொல்லத் தொடங்கியதும் ‘நோட்டின் தேதி என்ன?’, ‘அவர் பெயரில் என்ன சொத்து இருக்கிறது?’ என்ற இரண்டு கேள்விகளும் அவரிடமிருந்து வந்துவிட வேண்டும். முதல் கேள்வி வழக்கு நிற்குமா என்பதைச் சொல்லும், இரண்டாவது பணம் வருமா என்பதைச் சொல்லும். இரண்டையும் கேட்காமல் ‘கவலைப்படாதீர்கள், உள்ளே தள்ளிவிடலாம்’ என்று சொல்பவரிடம் நான் வக்காலத்தில், அதாவது வழக்கை நடத்த அவருக்கு அதிகாரம் தரும் தாளில், கையெழுத்துப் போட மாட்டேன்.

முதல் சந்திப்புக்கு எதையெல்லாம் எடுத்துப் போக வேண்டும்?

எழுத்தில் உள்ள அனைத்தையும் எடுத்துப் போங்கள். புரோநோட்டு, காசோலை, வங்கி கொடுத்த திருப்புச் சீட்டு, பில்கள், சரக்கு இறக்கியதற்குக் கையெழுத்து வாங்கிய டெலிவரி சலான், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பாக்கிக் கணக்கு, பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவை முக்கியமானவை. முதல் நாளே அசலைக் கொடுத்துவிட வேண்டாம். அசலைக் காட்டி, நகலைக் கொடுங்கள். பின்னர் அசலைக் கொடுக்கும்போது ஒப்புதல் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டப்பட்டு, அதன் குறுக்கே கையெழுத்து விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டாம்ப் இல்லாத நோட்டை, வேறு பல ஆவணங்களைப் போலப் பின்னால் அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ள முடியாது. அதைச் சாட்சியமாகவே ஏற்க மாட்டார்கள். அந்த நிலையில், பணம் கொடுத்ததை வேறு சான்றுகளால் நிரூபிக்க வழி உண்டா என்பதை வழக்கறிஞர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வாட்ஸ்அப்பில் ‘அடுத்த மாதம் கொடுத்துவிடுகிறேன் அண்ணா’ என்று வந்த செய்தியும் உதவும். ஆனால் திரைப் பிடிப்பை அச்செடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். எனவே அந்தக் கைபேசியை மாற்றிவிடாதீர்கள்.

கொடுத்தது ரொக்கம் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட கடனை ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை உள்ளது. ‘இவ்வளவு ரொக்கம் உங்களிடம் எப்படி இருந்தது? கணக்கில் காட்டினீர்களா?’ என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் குறுக்கு விசாரணைக் கேள்வியாக இருக்கும். நீங்கள் கூண்டில் நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி உங்கள் வழக்கறிஞரின் காதில் முதல்முறையாக விழும்படி ஆகக் கூடாது.

கட்டணம் எவ்வளவு? வசூலான பணத்தில் இத்தனை சதவீதம் என்று பேசிக்கொள்ளலாமா?

கூடாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் என்று பேசுவதும், வசூலாகும் தொகையில் பங்கு கேட்பதும் இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளில் வெளிப்படையாகவே தடை செய்யப்பட்டவை. அமெரிக்காவில் அப்படி நடக்கிறது என்று மருமகன் சொல்லியிருக்கலாம், இங்கே அது தொழில் ஒழுங்கீனம். ‘முன்பணம் வேண்டாம், வந்தால் பத்துக்கு ஒன்று கொடுங்கள்’ என்று ஒருவர் சொன்னால், அவர் விதியை மீறத் தயாராக இருப்பவர் அல்லது வழக்கறிஞரே அல்லாத வசூல் தரகர்.

நோட்டீஸுக்கு இவ்வளவு, வழக்குத் தாக்கலுக்கு இவ்வளவு, விசாரணைக்கு இவ்வளவு, தீர்ப்பு நிறைவேற்று மனுவுக்கு இவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் பிரித்துப் பேசி, எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. கடைசிக் கட்டத்தைப் பேசாமல் விடுபவர்கள்தான் பின்னால் சண்டை போடுகிறார்கள்.

நீதிமன்றக் கட்டணம் இதிலிருந்து வேறானது. தமிழ்நாட்டில் பண வழக்குக்கு அது முன்பு ஏழரை சதவீதமாக இருந்து, 2017இல் 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஐந்து லட்சத்துக்கு வழக்கு என்றால் 15,000 ரூபாய். வென்றால் இதை எதிரியிடமிருந்து செலவுத் தொகையாகக் கேட்கலாம். இவை தவிர சம்மன் பேட்டா, நகல் மனு, தட்டச்சு, குமாஸ்தா செலவு என்று சில்லறையாகப் போய்க்கொண்டே இருக்கும்.

பெண்களும், பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினரும், மாற்றுத்திறனாளிகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற உரிமை உள்ளவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் வழக்கறிஞரை நியமிப்பார்கள். சீட்டுப் பணத்தையும் கைமாற்றையும் இழந்து நிற்கும் பெண்களில் பலருக்கு இது தெரிவதில்லை.

காசோலை திரும்பிவிட்டது. என்ன செய்வது?

நாட்களை எண்ணுங்கள். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் நாட்கள் தவறினால் வழக்கே தவறிப் போகும். காசோலையை அதில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதங்களுக்குள் வங்கியில் போட வேண்டும். பணமில்லை என்று திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் அவருக்குக் கிடைத்ததிலிருந்து 15 நாட்கள் அவருக்கு அவகாசம். அதற்குள் கொடுக்காவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும்.

திருப்புச் சீட்டு மார்ச் 3ஆம் தேதி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 2க்குள் நோட்டீஸ் போக வேண்டும். ஏப்ரல் 8 அன்று அவர் அதை வாங்கினால், ஏப்ரல் 23 வரை பொறுத்திருக்க வேண்டும். அதன்பின் மே 23ஐத் தாண்ட விடாமல் புகார் தாக்கலாகிவிட வேண்டும். அதிலும் மே மாதம் கோடை விடுமுறை. எனவே கடைசி வாரம்வரை வைத்திருக்கும் வழக்கறிஞருக்கு அவ்வப்போது நினைவூட்டுவது உங்கள் வேலை. உங்கள் கணக்கில் போட்ட காசோலை என்றால், உங்கள் வங்கிக் கிளை இருக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று 2015இல் சட்டம் திருத்தப்பட்டது.

தண்டனை இரண்டு ஆண்டுகள்வரை சிறை அல்லது காசோலைத் தொகையைப் போல் இரு மடங்குவரை அபராதம் அல்லது இரண்டும். வழக்கு நடக்கும்போதே தொகையில் 20 சதவீதம்வரை இடைக்கால இழப்பீடாகக் கேட்க 143ஏ பிரிவு இடம் தருகிறது. வழக்கறிஞர் இதற்குத் தனியே மனுப் போட வேண்டும், கேட்டு நினைவூட்டுங்கள்.

பலர் தவறும் இடங்கள் இரண்டு. காசோலை கொடுத்தபின் அவர் ஒரு பகுதியைக் கட்டியிருந்தும் முழுத் தொகைக்குக் காசோலையைப் போட்டால் குற்றம் நிலைக்காது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வந்த தொகையைக் காசோலையில் குறித்த பின்பே வங்கியில் போட வேண்டும். இன்னொன்று, காசோலை கம்பெனியின் பெயரில் இருந்தால் கம்பெனியையும் எதிரியாகச் சேர்க்க வேண்டும். கையெழுத்துப் போட்ட இயக்குநரை மட்டும் சேர்த்தால் வழக்கு விழுந்துவிடும்.

செக் வழக்கு நடக்கும்போது சிவில் வழக்கும் தேவையா?

தொகை பெரிது என்றால் தேவை என்றே நினைக்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தத் தடையில்லை. செக் வழக்கு நான்கு ஆண்டுகள் இழுத்துப் பின்பு விடுதலையில் முடிந்தால், அதற்குள் சிவில் வழக்குக்கான மூன்று ஆண்டுகள் கடந்திருக்கும். ஒன்று நிலுவையில் இருப்பதால் மற்றொன்றின் காலம் நிற்பதில்லை.

வியாபாரக் கொடுக்கல் வாங்கலில் மூன்று லட்சமும் அதற்கு மேலும் உள்ள வழக்குகள் வணிக நீதிமன்றச் சட்டத்தின் கீழ் வரலாம். அங்கே அவசர இடைக்கால உத்தரவு எதுவும் கேட்காத வழக்கு என்றால், முதலில் சமரசத்துக்குப் போய்விட்டுத்தான் வர வேண்டும். இதைச் செய்யாமல் தாக்கலான பிராதை (வழக்கு மனுவை) நிராகரித்துவிடுவார்கள். இதை உங்கள் வழக்கறிஞர் தாமாகவே சொல்கிறாரா என்று பாருங்கள்.

நான் சிறுதொழில் செய்பவன். பெரிய நிறுவனம் பில் தொகையை இழுத்தடிக்கிறது. வேறு வழி உண்டா?

உண்டு, அதுவும் நல்ல வழி. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை அதிகபட்சம் 45 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவித்த வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்தரக் கூட்டு வட்டி. இத்தகைய பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்க மன்றத்தில் அரசு இணையதளம் வழியாக மனுச் செய்யலாம். அங்கே கிடைத்த உத்தரவை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால் 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும். உத்யம் எனப்படும் சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவைச் சரக்குக் கொடுப்பதற்கு முன்பே செய்திருப்பதுதான் பாதுகாப்பு. பாக்கி விழுந்தபின் பதிவு செய்து வருபவர்களின் வழக்குகள் சிக்கலாகின்றன. ஜாப் ஒர்க் எடுக்கும் திருப்பூர், ஈரோட்டுச் சிறு பட்டறைக்காரர்கள் இந்தச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைத் தனியாகத் தேடுவது நல்லது. சிவில் வழக்கில் தேர்ந்தவர் எல்லோருக்கும் இதில் பழக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

போலீஸில் புகார் கொடுத்தால் சீக்கிரம் வராதா? ஆள் வைத்துக் கேட்கலாமா?

கடன் வாங்கித் திருப்பித் தராதது மட்டும் குற்றமல்ல. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் மோசடி. இல்லாத நிலத்தைக் காட்டிப் பணம் வாங்கியது போன்றவை அதில் அடங்கும். மற்றவற்றைக் காவல் நிலையத்தில் பேசி முடிப்பது கட்டப்பஞ்சாயத்து ஆகிவிடும்.

ஆள் வைத்துக் கேட்பது உங்களையே குற்ற வழக்கில் எதிரி ஆக்கிவிடும். 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் மூன்று ஆண்டுகள்வரை சிறையும் 30,000 ரூபாய்வரை அபராதமும் உண்டு. நோட்டில் மூன்று வட்டி, ஐந்து வட்டி என்று எழுதியிருப்பவர்கள் வழக்கறிஞரிடம் அதை முதலிலேயே சொல்லி, வட்டியை எவ்வளவுக்குக் குறைத்துக் கேட்பது என்று பேசிக்கொள்ள வேண்டும். வட்டித் தொழிலாகவே செய்பவருக்கு உரிமமும் வேண்டும்.

அவர் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டார். இனி எல்லாம் போச்சா?

மஞ்சள் கடுதாசி வந்தாலே கையைக் கழுவிவிடுபவர்கள் அதிகம். அது அவர் திவால் மனுத் தாக்கல் செய்திருக்கிறார் என்ற அறிவிப்புத்தானே தவிர, நீதிமன்றம் அவரைத் திவாலாக அறிவித்துவிட்டது என்பதல்ல. கடன் கொடுத்தவர்கள் ஆஜராகி எதிர்க்கலாம். மனுவுக்கு முந்தைய மாதங்களில் மனைவி பெயருக்கோ மைத்துனர் பெயருக்கோ சொத்தை மாற்றியிருந்தால் அதைச் செல்லாததாக்கக் கேட்கலாம். மாகாணத் திவால் சட்டத்தில் திவால் மனுத் தாக்கலுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் நல்லெண்ணமும் உரிய பிரதிபலனும் இன்றி நடந்த மாற்றங்களுக்கு அந்த வழி உள்ளது. அறிவிப்பில் உள்ள தேதியன்று உங்கள் வழக்கறிஞர் அங்கே நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்துவிட்டது. பணம் எப்போது வரும்?

தானாக வராது. டிக்ரி (தீர்ப்பாணை) வாங்கியவரில் பாதிப்பேர் இந்த இடத்தில் களைத்துப் போய் நிறுத்திவிடுகிறார்கள் என்று எங்கள் வழக்கறிஞரின் குமாஸ்தா சொல்வார். கணக்கெடுத்துச் சொன்னதல்ல, வயிறெரிந்து சொன்னது. தீர்ப்பை நிறைவேற்றத் தனியே இ.பி. எனப்படும் நிறைவேற்று மனுப் போட வேண்டும். அதற்கு 12 ஆண்டுகள் அவகாசம் இருப்பதால், இன்று சொத்தில்லாதவர் ஐந்தாம் ஆண்டில் வீடு வாங்கினாலும் அப்போது போகலாம்.

எதை ஜப்தி செய்வது என்பதை நீதிமன்றம் தேடித் தராது. சர்வே எண், கதவு எண், வங்கிக் கணக்கு, சம்பளம் தரும் அலுவலகம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனவே வழக்குப் போடும் முன்பே பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்த்துவிடுவது எங்கள் வழக்கம். ஒருமுறை அப்படிப் பார்த்தபோது, எங்களுக்கு நோட்டீஸ் பதில் அனுப்பிய அதே வாரத்தில் ஒருவர் தன் காலிமனையை விற்க ஒப்பந்தம் பதிவு செய்திருந்தது தெரிந்தது. அந்த நகலோடுதான் தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்டு மனுப் போட்டோம். மனையில் அமீனா வந்து தண்டோரா போட்டு நோட்டீஸ் ஒட்டிய மறுநாள் அவரே கடைக்கு வந்தார். ஆனால் சொத்தை விற்று ஏமாற்றப் பார்க்கிறார் என்பதற்கு இப்படி ஏதாவது சான்று இல்லாமல் அந்த உத்தரவு கிடைக்காது.

சம்பளக்காரர் என்றால் முதல் ஆயிரம் ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் அவருக்கு விலக்கு. 31,000 சம்பளத்தில் மாதம் 10,000வரை பிடிக்கலாம், அதுவும் ஒரு டிக்ரிக்கு மொத்தம் 24 மாதங்கள்தான். சமையல் பாத்திரம், உடுதுணி, கைத்தொழில் கருவிகள் போன்றவற்றைத் தொட முடியாது. சிவில் சிறை என்பது வசதியிருந்தும் கொடுக்காதவருக்குத்தான். இல்லாதவரை இல்லாமைக்காகச் சிறையில் வைக்க முடியாது என்று 1980இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பண டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டால்?

வாரிசுகளைச் சேர்த்து வழக்கு நடத்தலாம். இறந்தவரிடமிருந்து அவர்களுக்கு வந்த சொத்தின் அளவுக்கு மட்டுமே அவர்கள் பொறுப்பு.

வழக்கறிஞர் வேலையே செய்யவில்லை. மாற்றலாமா?

முதலில் நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இகோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைப் போட்டு, கடந்த வாய்தாக்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். தாமதம் அவருடையதா, எதிர்த்தரப்புடையதா, நீதிபதி பணியிடம் காலியாக இருக்கிறதா என்பது ஓரளவு தெரிந்துவிடும். அவருடையதுதான் என்றால் மாற்ற உங்களுக்கு முழு உரிமை உண்டு. புதியவர் வக்காலத்து போடப் பழையவரின் ஒப்புதல் கேட்பது வழக்கம், அவர் மறுத்தால் நீதிமன்ற அனுமதியோடு மாற்றலாம். கட்டணப் பாக்கியைக் காட்டி வழக்குக் காகிதங்களை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்திருக்கிறது. ஒழுங்கீனம் இருந்தால் வழக்கறிஞர் மன்றத்தில் புகார் செய்யலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது, 2024இல் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்துவிட்டது.

வழக்கின் நடுவே அவர் தவணை கேட்கிறார். சம்மதிக்கலாமா?

பெரும்பாலும் சம்மதிக்கலாம், வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது. ஆனால் டீக்கடையில் பேசி வழக்கை வாபஸ் வாங்காதீர்கள். மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்தால் அந்த உத்தரவு டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். செக் வழக்கில் அங்கே எட்டிய சமரசத்தையும் சிவில் டிக்ரிபோல நிறைவேற்றலாம். ‘ஒரு தவணை தவறினால் பாக்கி முழுவதும் உடனே கொடுபட வேண்டும்’ என்ற வரியை உங்கள் வழக்கறிஞர் அதில் எழுதியிருக்கிறாரா என்று கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். உங்களிடமுள்ள மற்ற காசோலைகளையும் பத்திரங்களையும் கடைசித் தவணை வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே திருப்பிக் கொடுங்கள்.